முத்துவீரப்பர் மூவர், மாயாண்டி நால்வர்

மதுரையை ஆண்ட முத்துவீரப்ப நாயக்கர் எத்தனை பேர்? பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டால் ஒருவர் என்று சொல்லும். மூன்று பேர். 1609 முதல் 1623 வரை ஆண்டவர் திருமலை நாயக்கருக்கு அண்ணன். 1659இல் சில மாதம் மட்டும் ஆண்டவர் திருமலையின் மகன். இவரையே சில பழைய நூல்கள் முத்து அழகாத்ரி என்றும் சொல்லும். மூன்றாமவர் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர், ராணி மங்கம்மாளின் மகன்.

திருமலைக்குப் பிறகு வந்த வரிசையைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். மகன் முத்துவீரப்பர், பேரன் சொக்கநாதர், சொக்கநாதர் மகன் ரங்ககிருஷ்ண முத்துவீரப்பர், அவருடைய மகன் விஜயரங்க சொக்கநாதர். தாத்தா பெயர் பேரனுக்கு என்ற வழக்கம் அரண்மனைக்குள்ளும் அப்படியே நடந்திருக்கிறது. ரங்ககிருஷ்ணர் 1689இல் அம்மை கண்டு இறந்தார். அவர் இறந்த பிறகு பிறந்த குழந்தைக்கு இறந்துபோன தாத்தாவின் பெயரை வைத்துப் பட்டம் கட்டி, பேரன் ஆளாகும்வரை பாட்டி மங்கம்மாள் ஆண்டார். நடுவில் ஒருவரை விட்டுவிட்டுப் படித்தால், ஒரே சொக்கநாதர் 1659 முதல் 1732 வரை ஆண்டதாகத்தான் தோன்றும்.

நாயக்கர்களுக்குப் பட்டப்பெயரும் ஆண்டும் பாதிரிமார் கடிதமும் இருப்பதால் தப்பித்தோம். பாண்டியர் கதை இதைவிடச் சிக்கல். ஒருவர் மாறவர்மன் என்றால் அடுத்தவர் சடையவர்மன், மறுபடி மாறவர்மன். அதற்குப் பின்னால் வரும் பெயரும் சுந்தரபாண்டியன், வீரபாண்டியன், குலசேகரன், விக்கிரமன் என்று நாலைந்துக்குள் அடங்கிவிடும். போதாக்குறைக்கு ஒரே காலத்தில் பலர் அரசர் என்று பெயர் சொல்லிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி ஐந்து பேர் அரசர்களாக இருப்பதாக மார்க்கோ போலோவே எழுதியிருக்கிறார். கல்வெட்டிலோ பெரும்பாலும் தொடர் ஆண்டு கிடையாது. இன்ன அரசருக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு என்று மட்டும் இருக்கும். எந்தச் சுந்தரபாண்டியனுக்கு ஏழாவது ஆண்டு?

இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது பஞ்சாங்கம். தானம் எழுதியவர்கள் ஆட்சியாண்டோடு மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் சேர்த்து வெட்டி வைத்திருந்தார்கள். இவை ஐந்தும் ஒன்றாகக் கூடும் நாள் அரிதாகத்தான் வரும். ஜெர்மனியில் கெட்டிங்கன் நகரத்தில் இருந்த கீல்ஹார்ன் என்ற சம்ஸ்கிருதப் பேராசிரியர், பாண்டியர் கல்வெட்டுகளின் இந்தக் குறிப்புகளைக் கணக்குப் போட்டு ஒவ்வொரு அரசருக்கும் பட்டமேறிய காலத்தைக் கண்டுபிடிக்க முனைந்தார். அவருக்குப் பின் எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையும் ராபர்ட் சூவெலும் கணித்தார்கள். சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922இல் வெளியிட்ட கால அட்டவணை நூல்கள் இன்றும் கல்வெட்டு படிப்பவர் கைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. 1978இல் கும்பகோணம் என். சேதுராமன் பாண்டியர் வரிசை முழுவதையும் மறுபடி கணக்கில் ஏற்றித் தனி நூலே எழுதினார். 1216இல் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன் வேறு, 1251இல் பட்டமேறிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் வேறு என்று இன்றைக்கு நாம் சுலபமாகச் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு பேர் உழைப்பு இருக்கிறது.

ராஜா வீட்டுக்கு இந்தக் கதி என்றால் எங்கள் வீட்டுக்குக் கேட்கவா வேண்டும்?

நான் திருமங்கலத்துப் பக்கம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். என் பெயர் கருப்பையா. அது என் தாத்தா பெயர். அப்பா பெயர் மாயாண்டி. அது அவருடைய தாத்தாவின் பெயர். அந்தப் பெரிய மாயாண்டியின் தகப்பனாரும் ஒரு கருப்பையா. ஆகவே என் பூட்டனும் க. மாயாண்டி, என் அப்பாவும் க. மாயாண்டி. இனிஷியல் உட்படப் புள்ளி மாறாது. பூட்டனுக்கு ஆண்பிள்ளை மூன்று. மூன்று பேரும் தகப்பனை மறக்காமல் தலைமகனுக்கு மாயாண்டி என்றே வைத்தார்கள். ஒரே தெருவில் மூன்று பேர மாயாண்டி, திண்ணையில் ஒரு தாத்தா மாயாண்டி. ஊர் இதற்கெல்லாம் அசரவில்லை. மேலவீட்டு மாயாண்டி, கிணத்தடி மாயாண்டி, பர்மாக்காரர் மகன் மாயாண்டி என்று சொல்லிக்கொண்டது.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. மகனுக்கு மாமனார் பெயரை வைத்துவிட்டுப் பெற்றவள் எப்படிக் கூப்பிடுவாள்? என்னை அம்மா கடைசிவரை ‘சாமி’ என்றுதான் கூப்பிட்டார். பக்கத்து வீட்டில் ‘பெரியவனே’, எதிர்வீட்டில் ‘தம்பி’. இப்படிக் கூப்பிட்ட பெயரே பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் ஏறிவிட்ட ஆட்கள் ஏராளம். ஒரு பெயருக்கு நாலு ஆள் ஒரு பக்கம், ஒரு ஆளுக்கு ரெண்டு பெயர் இன்னொரு பக்கம்.

பத்திரம் எழுதுகிறவனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடமே பெயரை நம்பாதே என்பதுதான். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 2ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். ஒரு ஆளை அடையாளம் சொல்வதற்கு அவர் குடியிருக்கும் இடம், தொழில், பட்டம், தகப்பன் பெயர் ஆகியவை வேண்டும் என்கிறது. தாயின் பெயரால் அறியப்படுகிறவருக்குத் தாயின் பெயரை எழுதலாம் என்றும் சொல்கிறது. பழைய பத்திரங்களில் ‘மதுரை ஜில்லா திருமங்கலம் தாலுகா இன்ன கிராமம் இன்னார் குமாரர் இன்னார்’ என்று நீட்டி முழக்குவது அலங்காரத்துக்கு இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் அட்டவணையும் இரண்டு வகை. ஒன்றாம் அட்டவணை ஆள் பெயரை வைத்து, இரண்டாம் அட்டவணை சொத்தை வைத்து. வில்லங்கம் பார்க்க வருகிறவரிடம் நாங்கள் பெயரைக் கேட்பதற்கு முன் சர்வே எண்ணைக் கேட்போம். மாயாண்டி ஆயிரம் இருப்பார். கிணறும் அதன் நான்கெல்லையும் ஒன்றுதான்.

ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தால் ‘மாயாண்டி என்கிற சின்னச்சாமி’ என்று எழுதுவோம். அப்படி எழுதாமல் விட்டு, பட்டாவில் ஒரு பெயரும் பத்திரத்தில் ஒரு பெயரும் இருந்தால், ‘இருவரும் ஒருவரே’ என்று அதிகாரியிடம் சான்று வாங்கி வரவேண்டும். இதில்தான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. இரண்டு பெயரென்றால் அலுவலகம் முதலில் இரண்டு ஆளாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒருவரே என்று சொல்கிறவன்தான் சாட்சி கொண்டுவர வேண்டும். வேறு வேறு ஆள் என்பவனிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை.

இதே காரியத்தை வேறு மாதிரி செய்தவர்களும் உண்டு. திருப்பத்தூர், காரைக்குடிப் பக்கம் நகரத்தார் வீடுகளிலும் தாத்தா பெயர்தான் பேரனுக்கு. பெயருக்கு முன்னால் முன்னோர் பெயர்களின் முதலெழுத்தை வரிசையாகக் கோத்து விலாசம் என்று வைத்துக்கொண்டார்கள். அதற்கும் மேலே கோயில். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி என்று ஒன்பது கோயில். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு கோயிலைச் சேர்ந்தது. ஒரே கோயிலார் பங்காளி என்பதால் பெண் கொடுத்துப் பெண் எடுக்கக் குறுக்கே கட்டுப்பாடு உண்டு. கல்யாணத்தைக் கோயிலில் சொல்லிப் பதிந்து மாலை வாங்கிக்கொண்டால்தான் அது ஒரு ‘புள்ளி’. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தது ஒரு புள்ளி. வரியும் புள்ளிக் கணக்கில். இந்த ஏற்பாட்டை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன். தனி ஆளை எண்ணினால் பெயர் குழப்பும். தம்பதியை எண்ணினால் குழப்பம் பாதி தீர்ந்தது. இரண்டு மாயாண்டி இருக்கலாம். இன்ன ஊர் இன்னார் மகளைக் கட்டிய மாயாண்டி ஒருவர்தான் இருப்பார்.

அரசாங்கம் கண்ட வழி வேறு. உசிலம்பட்டிப் பக்கத்துப் பிறமலைக் கள்ளர்கள் மீது 1911ஆம் வருஷத்துக் குற்றப் பழங்குடியினர் சட்டத்தை ஏவியபோது, ஆண்களின் கைரேகையைப் பதியச் சொன்னார்கள். அந்தப் பக்கம் இன்றைக்கும் அதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். ஒச்சாத்தேவனும் பேயத்தேவனும் விருமாண்டியும் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கும் நாட்டில் பெயர்ப் பட்டியல் செல்லாது. ரேகை மாறாது என்பது அரசாங்கக் கணக்கு. ரேகை கொடுக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். 1947இல்தான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. ஒரு ஆளை இன்னார் என்று பிரித்துக் காட்டும் உரிமை யார் கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது வம்சாவளி எழுதும் வேலை கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் 1894இலேயே இதற்கென்று சங்கம் வைத்தவர்கள் மார்மன் சபையார். குடும்ப மரத்தை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஜெட்காம் என்ற முறையை 1984இல் கொடுத்ததும் அவர்களே. அவர்களுடைய ஃபேமிலிசர்ச் மாதிரித் தளங்களில் உலகத்துக்கே ஒரே பொது மரம். இறந்தவர் பதிவை யாரும் திருத்தலாம். பல பேர் தனித்தனியே ஏற்றுவதால் ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை ஏறிவிடுவார். அதைக் கண்டுபிடித்துச் சேர்க்கச் சொல்லித் தளமே கேட்கும். பெயர், பிறந்த வருஷம், ஊர், தகப்பன் பெயர் ஒத்துவந்தால் பொருத்தம் என்று காட்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக மாறாமல் வரும் நாட்டுக்காக யோசித்த ஏற்பாடு இது. பேரனுக்குத் தாத்தா பெயரும் தாத்தா இனிஷியலும் வரும் ஊரில் என்ன ஆகும்?

எங்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஆர்வமாக ஒரு தளத்தில் மரம் போட்டான். அவன் பக்கத்து ஆட்களை அவன் ஏற்ற, மதுரையில் இருக்கும் இன்னொரு பையன் எங்கள் பக்கத்தை ஏற்றினான். க. மாயாண்டி, தகப்பன் கருப்பையா, பிறந்தது தாது வருஷம், ஊர் இன்னது என்று இரண்டு பதிவு. தளம் பொருத்தம் என்றது. பையன் பொத்தானை அழுத்திவிட்டான். அவ்வளவுதான்: என் தாத்தா கருப்பையா ஒரே மாயாண்டிக்கு மகனாகவும் தகப்பனாகவும் ஆகிவிட்டார். என் அம்மா என் பூட்டனுக்கு மனைவி.

பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். வருஷமும் ஒத்துத்தான் இருந்தது. தமிழ் வருஷம் அறுபதும் சுற்றிச் சுற்றி வருவது. தாது என்றால் 1876–77, ஊரே செத்துப்போன பஞ்ச வருஷம். தாது என்றால் 1936–37ம்தான். பூட்டன் பிறந்தது முதல் தாதுவில், அப்பா பிறந்தது அடுத்த தாதுவில். தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவே ஐம்பது அறுபது வருஷம் இருப்பது எங்கும் நடப்பது. பெயரும் அந்த இடைவெளியில்தான் திரும்பி வருகிறது, வருஷமும் அந்த இடைவெளியில்தான் திரும்பி வருகிறது. நம் ஊர் வம்சாவளியில் தாத்தாவும் பேரனும் ஒட்டிக்கொள்வதற்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

ஒட்டியதைப் பிரிக்கவும் அதே பஞ்சாங்கத்தில் வழி இருக்கிறது. அறுபது தமிழ் வருஷத்துக்குச் சுமார் 21,915 நாள். ஏழால் வகுத்தால் மீதி ஐந்து. மாதப் பிறப்பு ஒருநாள் தள்ளினால் ஆறு. எப்படிப் பார்த்தாலும் மீதி இல்லாமல் போகாது. ஆகவே அதே வருஷப் பெயர், அதே மாதம், அதே தேதி மறுபடி வரும்போது கிழமை கட்டாயம் மாறும். சாதகக் குறிப்பில் ‘தாது வருஷம் தை மாதம்’ என்று நிறுத்தாமல் தேதியும் கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருந்தால், நூறு வருஷப் பஞ்சாங்கத்தைப் புரட்டி அது எந்தத் தாது என்று சொல்லிவிடலாம். கீல்ஹார்ன் பாண்டியனுக்குச் செய்ததை மாயாண்டிக்கும் செய்யலாம்.

எங்கள் வீட்டில் அதைவிடப் பலமான சாட்சி கிடைத்தது: 1944ஆம் வருஷத்துச் செட்டில்மெண்ட் பத்திரம். எழுதிக்கொடுப்பவர் கருப்பையா குமாரர் மாயாண்டி. எழுதி வாங்குபவர் மைனர் மாயாண்டி, அவருக்குக் கார்டியன் தகப்பனார் கருப்பையா. தாத்தா தன் பெயர் கொண்ட பேரனுக்குக் கிணற்றில் பாதியையும் அதை ஒட்டிய நிலத்தையும் எழுதி வைத்திருக்கிறார். ‘என் பேரில் உள்ள பிரியத்தாலும்’ என்று எழுத்தர் கை தவறியிருந்ததை அடித்து ‘உன் பேரில்’ என்று திருத்தி, ஓரத்தில் அடித்தல் ஒன்று என்று எழுதிக் கீறல் போட்டிருக்கிறது. அந்தக் காலத்து எழுத்தருக்கே தலை சுற்றியிருக்க வேண்டும். ஒரே காகிதத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நிற்கும்போது இனி யார் அவர்களை ஒருவர் என்று சொல்ல முடியும்?

சேர்க்க வேண்டியதைச் சேர்க்காமல் விடுவதும் நடந்தது. அதிகமும் பெண்கள் விஷயத்தில். என் அப்பத்தாவைப் புகுந்த ஊரில் எல்லோரும் கொக்குளத்தா என்றுதான் சொல்வார்கள்; பிறந்த ஊர் கொக்குளம். பிறந்த வீட்டுப் பக்கம் அவருக்கு வேறு பெயர். மரத்தில் பெயர் இருந்து புருஷன் இல்லாத ஒரு பெண், புருஷன் இருந்து பெயர் இல்லாத ஒரு பெண் என்று இரண்டு பதிவு ஏறியிருந்தது. தளம் இதைப் பொருத்தம் என்று காட்டவே இல்லை. தீர்த்துவைத்தது எங்கள் அத்தைக்குக் காதுகுத்திய மொய் நோட்டு. கொக்குளம் என்று தலைப்புப் போட்டு, தாய்மாமன் செய்முறை முதல் வரியில், இன்னார் அக்கா வீடு என்ற குறிப்போடு. மதுரைச் சீமையில் மொய் நோட்டு மாதிரி உறவுக் கணக்கு வேறெதிலும் இல்லை. பழைய நோட்டைச் செல்லரிக்க விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

மூன்றாவது வகை ஒன்று, வெளிநாட்டு மென்பொருளைத் திகைக்க வைப்பது. தாத்தா கட்டியது சொந்த அக்கா மகளை. அதனால் பெரிய மாயாண்டி எனக்கு அப்பா வழியில் தாத்தாவின் தகப்பன், அதாவது பூட்டன். அப்பத்தா வழியில் போனால் அப்பத்தாவுடைய அம்மாவின் தகப்பன், ஆக ஒரு படி மேலே ஓட்டன். ஒரே ஆள் இரண்டு படியில் நிற்கிறார். இங்கே பதிவு ஒன்றுதான் இருக்க வேண்டும், கோடு இரண்டு போக வேண்டும். அக்கா மகள், அத்தை மகள், மாமன் மகள் என்று கட்டும் வழக்கமுள்ள குடும்பத்தில் இப்படி வராவிட்டால்தான் ஆச்சரியம். அமெரிக்கரான லூயிஸ் மார்கன் 1871இல் உலகத்து உறவுமுறைகளைத் தொகுத்தபோதே தமிழ் முறையையும் சேர்த்துக்கொண்டார். உசிலம்பட்டிப் பக்கம் வந்து தங்கி ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் லூயி துய்மோன் 1953இல் திராவிட உறவுமுறை முழுவதும் இந்தக் கல்யாண ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது என்று வாதிட்டார். மரம் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் நம் வம்சம் கிளை பிரிந்து மறுபடி சேர்கிற ஒன்று.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இந்த வேலையில் இறங்கியிருந்தால் பத்திரக்காரன் என்ற முறையில் சொல்வது இதுதான். ஒரே பெயர் இரண்டு பதிவில் கிடந்தால் கிடக்கட்டும், அவசரம் இல்லை. யார் மகன், யாரைக் கட்டினார், பிள்ளைகள் யார் என்ற மூன்றும் ஒத்துவந்த பிறகு சேருங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் நிறுத்துங்கள். தாத்தாவும் பேரனும் என்று தெரிந்தால் ‘வேறு ஆள்’ என்று குறித்து, காரணத்தை இரண்டு வரி எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த பையன் வந்து மறுபடி பொத்தானை அழுத்துவான். தமிழ் வருஷத்தை இங்கிலீஷ் வருஷமாக மாற்றும்போது மூலத்தில் இருந்த கிழமை, நட்சத்திரத்தைத் தூக்கி எறியாதீர்கள். பட்டப்பெயரையும் ‘என்கிற’ போட்டு ஏற்றுங்கள். கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பிறந்த ஊரும் தகப்பன் பெயரும் இல்லாமல் பதிவு போடாதீர்கள்.

இரண்டாகக் கிடக்கும் ஒருவரை எப்போது வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றாக்கிவிட்ட இருவரைப் பிரிப்பதற்குப் பத்திரமும் வேண்டும், பஞ்சாங்கமும் வேண்டும், விவரம் தெரிந்த ஒரு கிழவியும் உயிரோடு இருக்க வேண்டும். பத்திரமும் பஞ்சாங்கமும் காத்திருக்கும். கிழவியை இந்த வாரமே போய்ப் பாருங்கள்.